கொடுவா கொத்தாத நாள்

எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் வீசுவோர் பெரிதும் விரும்புவது கொடுவா மீனையே. நீரோட்டம் நின்றுவிட்டால் அது இரையை எளிதில் தொடாது. ஓதம் ஏறவோ வற்றவோ தொடங்கும் வேளையில், தூண்களின் நிழலிலும் அலையாத்தி வேர்களின் ஓரத்திலும் பதுங்கியிருந்து பாயும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதோ மீன்பிடிப்பே முடங்கியது.

மீன் கொத்தாத நாள்தான் உடலுக்குக் கேடான நாள். பக்கத்தில் நிற்பவர் ஒன்றைப் பிடித்துவிட்டால் போட்டி மனம் விடுவதில்லை. இன்னும் ஒரு வீச்சு என்று மணிக்கணக்கில் சேற்றில் நிற்பார்கள். நீரிழிவால் பாதம் மரத்தவருக்குச் சிப்பி கீறியதே தெரியாது. உவர்நீரில் வாழும் விப்ரியோ கிருமி அப்புண்ணில் நுழைந்தால் ஒரு நாளுக்குள் கால் சிவந்து வீங்கக்கூடும். கல்லீரல் நோயுள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து. இவர்கள் நீரில் இறங்காமல், கரையில் காலணியோடு நின்று வீசுவதே முறை. (வெறுங்காலே வசதி என்பார் வீட்டுப் பெரியவர், விட்டுக்கொடுக்காதீர்கள்.)

கீறல் பட்டால் உடனே நல்ல நீராலும் சோப்பாலும் கழுவுங்கள். தூண்டில் முள் ஆழமாகத் தைத்திருந்தால் பிடுங்காமல், கயிற்றை மட்டும் அறுத்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எந்த ஆண்டு என்று மருத்துவர் கேட்பார்.