சொல்லும் வாசலும் – 17: மருமகன் மறியலில் இருக்கிறான்

போன வாரம் 'தடை'யில் தொடங்கி 'தடுத்தாட்கொண்டது' வரை வந்தோம், ஞாபகம் இருக்கும். இந்த வாரம் 'முற்றுகை' என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதை ஒரு தொலைபேசி அழைப்பு கெடுத்துவிட்டது.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில், "மருமகன் ரெண்டு கிழமையா மறியல்ல இருக்கிறான், அண்ணை" என்றார். இரண்டு வாரம் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் சாதாரணப் பிள்ளையா? "பலே! என்ன கோரிக்கை?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கோரிக்கை என்ன கோரிக்கை. பிணை கேட்டிருக்கிறம்."

ஈழத்தில் மறியல் என்றால் சிறை. இலங்கைப் பத்திரிகைகளில் 'சந்தேகநபருக்கு 14 நாட்கள் விளக்கமறியல்' என்ற செய்தியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், மண்டையில் ஏறியதில்லை. அங்கே 'விளக்கம்' என்பது வழக்கு விசாரணை. அது முடியும்வரை ஆளை மறித்து வைப்பது விளக்கமறியல். நம்முடைய 'நீதிமன்றக் காவல்' யாரையோ பாதுகாப்பது போலல்லவா இருக்கிறது!

நமக்கு மறியல் என்றால் உள்ளே போகவிடாமல் நிற்பது. 1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் நின்றது அப்படித்தான். ஈழத்தவர்களுக்கோ வெளியே போகவிடாமல் வைப்பது. எது மூலம், எது திரிபு என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை என் பால்யத்தில் ஆட்டுப்புழுக்கை வாசனையோடு கிடந்தது.

அறுவடை முடிந்த வயலுக்குக் கீதாரி வருவார். அப்பா கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ராத்திரி மறிக்கலாம்?" ஆட்டுக்கிடை மறிப்பது என்றுதான் சொல்வார்கள். பொழுது சாய்ந்ததும் வலை கட்டி மந்தையை வளைத்துவிடுவார், குட்டிகள் கொடாப்புக்குள். விடிந்தால் வயலுக்கு உரம் தயார். மறுநாள் கிடை நாலடி தள்ளிப் போகும். அந்த ஆடுகளும் மறியலில்தானே இருந்தன! 'மறி' என்றால் ஆள் நகரக் கூடாது, அவ்வளவுதான். வாசலுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது சொல்லின் கவலை இல்லை.

இரண்டு பொருளும் ஒரே நாளில் நடக்கிற ஊர் நம்முடையது. காலையில் காலிக்குடங்களை ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக வைத்துப் பேருந்தை மறிப்பார்கள். கண்டக்டர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். மத்தியானம் போலீஸ் வேன் வந்து எல்லாரையும் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோகும். சாயங்காலம் வரை அங்கே இருப்பது யாழ்ப்பாணக் கணக்கில் மறியல். எங்கள் தெரு அத்தை ஒருத்தி அப்படிப் போய்வந்து, "குழாயில தண்ணி வரல, மண்டபத்துல சாம்பாரு நல்லா இருந்துச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

யாழ்ப்பாணத்தில் இது இவ்வளவு லேசாக முடியவில்லை. 1961 பிப்ரவரி 20 அன்று தமிழரசுக் கட்சியினர் கச்சேரி வாசலில் உட்கார்ந்தார்கள். (கச்சேரி என்றால் அங்கே அரசாங்க அதிபர் அலுவலகம், சங்கீத ரசிகர்கள் மன்னிக்க.) சிங்களம் மட்டும் என்ற ஆட்சிமொழிச் சட்டத்துக்கு எதிர்ப்பு. நிர்வாகம் நின்றுபோனது. ஏப்ரலில் தனி அஞ்சல் சேவையே தொடங்கிவிட்டார்கள். உடனே அவசரநிலை, செல்வநாயகம் உள்ளிட்ட தலைவர்களைப் பிடித்துப் பனாகொடை இராணுவ முகாமில் வைத்தார்கள். வாசலை மறித்தவர்கள் மறியலுக்குப் போனார்கள். முதல் மறிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் சத்தியாக்கிரகம். மறியல் என்ற சொல்லுக்கு அந்த ஊரில் ஏற்கெனவே வேறு உத்தியோகம் இருந்ததே.

உதவி ஆசிரியர் இரண்டாம் முறை அழைத்துவிட்டார். முற்றுகை அடுத்த வாரம். கடன் வாங்கியவரைச் சுற்றி வட்டம் கிழித்து, காசு வைக்காமல் தாண்டக் கூடாது என்று நிறுத்தும் வழக்கத்தை மாபாரில், அதாவது பாண்டிய நாட்டில், பார்த்ததாக மார்கோ போலோ எழுதியிருக்கிறார். அந்த வட்டத்துக்குள் ஒரு முறை மாட்டியவர் அந்த நாட்டு அரசர். முதலில் அவரை வெளியே விட வேண்டும்.