நாகூருக்கு ஓர் இறுவட்டு, கல்முனைக் கரைக்கு?

மூன்று பேர் பாடுகிறார்கள். அப்துல் கனி, அஜா மொய்தீன், சபுர் மொய்தீன் பாபா சாபிர். மூவரும் நாகூர் தர்காவில் பாடி வளர்ந்தவர்கள். சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'நாகூர் செஷன்ஸ்' இசைத்தொகுப்பில் அவர்களுடைய குரல்கள் பதிவாகியிருக்கின்றன. கடையில் கேட்டால் பக்திப் பாட்டு என்று எடுத்துத் தருவார்கள். நான் அதை ஓர் ஊரின் சரித்திரமாகவே கேட்டு வருகிறேன்.

அந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகை வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர். பல தேசம் சுற்றிக் காவிரிக் கடைமடைக்கு வந்து சேர்ந்து, 1570இல் நாகூரில் மறைந்தவர். தஞ்சை நாயக்க மன்னரின் தீராத நோயை அவர் தீர்த்தார், மன்னர் நிலம் கொடுத்தார் என்பது அந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததைக் கட்டியவர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். 131 அடி. இந்து மன்னர் எழுப்பிய மினாராவின் நிழலில், தமிழ்க் கீர்த்தனை படித்த முஸ்லிம் வித்துவான்கள் இருந்தார்கள். 'நாகூர்ப் புராணம்' பாடிய குலாம் காதிறு நாவலர் அந்த மண்ணின் புலவர். தர்காவின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதிர் முறையாகக் கர்நாடக சங்கீதம் பயின்றவர். இந்தப் பின்புலத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த மூவரையும் கேளுங்கள். தமிழ் வரியின் நடுவே ஓர் அரபுச் சொல் வந்து உட்காருகிறது. அதற்கென்று சுருதி மாறவில்லை, பாடுகிறவர் தயங்கவும் இல்லை. நானூறு ஆண்டுப் பழக்கம் இருந்தால்தான் அப்படி உட்காரும். நாகூர் என்ற துறைமுகம் எப்படி உருவானது என்று ஒரு புத்தகம் ஐம்பது பக்கத்தில் சொல்வதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

இலங்கையின் கிழக்குக் கரையிலிருக்கும் கல்முனைக்காரன் எதற்கு நாகூர் வட்டைப் பற்றி எழுதுகிறான் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். கல்முனைக்குடியில், கடலைப் பார்த்து நிற்கிறது கடற்கரைப் பள்ளி. நாகூர் ஆண்டகையின் பெயரில் அமைந்த தர்கா அது. ஆண்டகை அடக்கமாகியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது அவருடைய நினைவும் அவருக்கு ஏற்றும் கொடியும். ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் நாகூரில் கந்தூரி விழா தொடங்கும். அதே பிறையில் இங்கேயும் கொடி ஏறும். இந்தக் கொடியேற்றத்துக்கு ஊர் இரு நூறு ஆண்டுகளைக் கணக்குச் சொல்கிறது. அந்த நாட்களில் மௌலிது ஓதுவார்கள், பக்கீர் பாவாமார் றாதீபுச் சடங்கு நடத்துவார்கள், கடைசி நாளில் கந்தூரிச் சோறு.

மூழ்கப்போன கப்பலின் ஓட்டையைத் தன் கைக் கண்ணாடியை எறிந்து அடைத்தவர் ஆண்டகை என்பது மாலுமிகளின் கதை. கப்பல் போன இடமெல்லாம் அவர் பெயரும் போனது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா எழும்பியது. பினாங்கின் சூலியா வீதியிலும் ஒன்று உண்டு. எங்கள் கடற்கரைப் பள்ளியும் அதே கடல்வழியில்தான் வருகிறது. பெயரோடும் கொடியோடும் தப்ஸ் என்ற தோல்கருவியும் பைத்து என்ற பாட்டும் கூடவே வந்திருக்கும் என்று நம்புகிறேன். கடல் கடந்த பக்தி பாட்டை மட்டும் விட்டுவிட்டு வந்ததாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

'நாகூர் செஷன்ஸ்' இறுவட்டுக்கு முன்கதை ஒன்று இருக்கிறது, அதுவும் எங்களைத் தொடுகிறது. 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை. இந்தியாவில் நாகப்பட்டினம் மாவட்டம் எப்படி அடிபட்டதோ, இலங்கையில் அப்படி அடிபட்டது அம்பாறைக் கரை. மாவட்டங்களில் இங்கேதான் உயிரிழப்பு அதிகம், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வரிசையாகக் கடலோர வளவுகள் துடைத்தெடுக்கப்பட்டன. ஆழிப்பேரலைக்குப் பிறகு எர்த்சிங்க் குழு, அலை அடித்த நாடுகளுக்குப் போய், பிழைத்தவர்கள் பாடும் பாட்டைப் பதிவுசெய்தது. இந்தியா, இலங்கை, மாலைதீவு, இந்தோனேசியா, தாய்லாந்து, மியன்மார் என்று ஆறு நாடுகள். 2007இல் 'லயா புரொஜெக்ட்' என்று படமாகவும் இசைத்தொகுப்பாகவும் அது வந்தது. இயக்கியவர் ஹரல்ட் மொன்ஃபில்ஸ். இசையைத் தொகுத்தவர்கள் பாட்ரிக் செபாக்கும் யோதம் அகமும். நாகூர்ப் பாடகர்களும் அந்தத் தொகுப்பில் பாடியிருந்தார்கள். அந்தக் குரல்களுக்கே தனி வட்டு வேண்டும் என்று பிறகு செய்ததுதான் 'நாகூர் செஷன்ஸ்'.

அந்தக் குழு செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றே. 'லயா'வுக்குப் பாடியவர்களை நகரத்துக்கு அழைத்து ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தவில்லை. அவர்கள் வாழும் இடத்துக்கு ஒலிவாங்கியைக் கொண்டுபோனார்கள். பிறகுதான் மற்ற வாத்தியங்களைச் சேர்த்தார்கள். அந்தச் சேர்க்கையில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மின்னொலியும் வெளிநாட்டு வாத்தியமும் முன்னுக்கு வரும்போது ஊர் கொஞ்சம் பின்னுக்குப் போய்விடுகிறது. தப்ஸும் தொண்டையும் தனியே கேட்கும் இடங்களில்தான் நாகூர் நாகூராக இருக்கிறது. ஆனாலும் குரல் பதிவாகிவிட்டது. மேலே போட்ட பூச்சு பிடிக்காதவர் நாளைக்கு அதை நீக்கிவிட்டு வேறு விதமாகத் தொகுக்கலாம். பதிவே இல்லாத குரலை யார் எங்கிருந்து எடுப்பது?

எங்கள் கரையில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இருந்தது என்று பார்க்கலாம்.

நோன்பு மாதத்தில் சஹர் உணவுக்கு எழுப்ப வரும் பாவா. தப்ஸின் தோல் ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். வீதி முனையில் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, அதன் அனலில் தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். விரலால் ஒரு தட்டு. சத்தம் மந்தமாக இருந்தால் மறுபடி அனல். நல்ல தோல் இறுகும்போது, சுண்டினால் கிண்ணென்று கேட்கும். அதற்குப் பிறகுதான் முதல் பைத்து வரும். வீட்டுக்குள் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டுச் சத்தமே போதும், பாவா எந்த ஒழுங்கையில் நிற்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பாடகர் வாத்தியத்தை நெருப்பில் பதப்படுத்தும் அந்தச் சில நிமிடமும் ஒலிப்பதிவில் இருக்க வேண்டும் என்பேன். வெட்டி எறிந்துவிடக் கூடாது.

பொல்லடி. கல்யாண வீட்டிலும் சுன்னத்து வீட்டிலும், பெரியவர்கள் வரும் ஊர்வலத்திலும் அடித்தது. வட்டமாக நின்று, இரண்டு கையிலும் பொல்லோடு, அண்ணாவியார் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டு சுழல்வார்கள். காலும் கையும் பாட்டும் ஒன்றாகப் போகவேண்டும். ஓர் ஆள் தாளம் தப்பினால் பொல்லு விரலில் விழும். பெண்களின் குரவை இல்லாமல் அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வாசல் ஏறவில்லை.

பிறகு கவி. இந்தக் கரையின் உயிர் என்று நான் கருதுவது அதைத்தான். நாலடியில் முடிந்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான சொத்து. வேளாண்மைக் காலத்தில் ஆண்கள் தூரத்து வயல்வட்டைக்குப் போய் வாடியில் தங்கிவிடுவார்கள். வீட்டில் இருப்பவளின் ஏக்கம் ஒரு கவி. பரணில் காவல் கிடப்பவனின் மறுமொழி இன்னொரு கவி. மச்சானும் மச்சியும் பேசிக்கொள்வது போலத்தான் அதிகம் இருக்கும், ஆனால் உள்ளே விளைச்சல் பொய்த்த வருடம், நிலச் சொந்தக்காரப் போடியாரின் கணக்கு, ஆனைக்குப் பயந்த இரவு எல்லாம் வந்துவிடும். சின்ன வயதில் நாங்கள் பாய் இழைக்கும் பெத்தாவைச் சுற்றி இருந்துகொண்டு "பெத்தா, ஒரு கவி படியுங்க" என்று கரைச்சல் கொடுப்போம். எங்கள் பெத்தா நேரே தொடங்கமாட்டா. முதலில் பன்னை நனைத்து மடியில் வைப்பா, வாயில் இருந்த வெற்றிலையை ஓரம் ஒதுக்குவா, பிறகு மூன்றாவது அடியில் குரலை இழுத்து, மூச்சு முடியும்வரை விட்டுவிட்டு, நாலாவது அடியைச் சட்டென்று சின்னதாக முடிப்பா. அந்த இழுப்பில்தான் கவி இருக்கிறது. அச்சில் வந்த எந்தக் கவித் தொகுப்பிலும் அந்த இழுப்பு இல்லை, இருக்கவும் முடியாது.

அச்சில் நாங்கள் ஏழைகள் அல்லர். நிந்தவூர் எஸ். முத்துமீரான் வாழ்நாள் முழுக்க அலைந்து கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டித் தந்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களைப் பதிப்பித்தார். வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. பெரியநீலாவணையின் நீலாவணன், வயலையும் வயற்காரன் பேச்சையும் 'வேளாண்மை' என்ற காவியமாக்கினார்; அவர் 1975இல் மறைந்த பிறகே அது நூலானது. கல்முனைக்குடி எம்.ஏ. நுஃமான் உட்பட இந்தக் கரையின் கவிஞர்களையும் ஆய்வாளர்களையும் தமிழ் உலகம் அறியும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 1969இலிருந்து அக்கரைப்பற்றுக்கு வந்து போய், எங்கள் தாய்வழிக் குடிமுறையையும் பாவாமாரின் சடங்குகளையும் விரிவாக எழுதினார். சொல் கிடைத்துவிட்டது. மெட்டு கிடைக்கவில்லை.

இதே கரையின் வேறு ஒலிகளுக்குப் பதிவு கிடைத்திருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை யேசு சபைத் துறவி லாங் அடிகளார் ஒலிப்பதிவு செய்தார், அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா பாட்டுக்கும் வாய்ப்பு அமைந்தது: போர்த்துக்கலின் ட்ராடிசோம் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த இறுவட்டு வரிசையில் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் பாட்டுகள் இடம்பெற்றன. சில நூறு குடும்பங்கள் பேசும் மொழிக்கு அது ஒரு பெரிய காப்பு. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு என் மரியாதை உண்டு. அதே வாவிக் கரையிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் பல இலட்சம் பேர் வாழும் ஊர்கள் இருக்கின்றன. அவர்களுடைய பாட்டுக்கு அப்படி ஒரு வட்டு என் கைக்கு இன்னும் வரவில்லை.

பாடும் சந்தர்ப்பமே மறைந்துகொண்டு வருவது இன்னும் அவசரமான காரியம். கரைவலை இழுக்கையில் படிக்கும் அம்பாப் பாட்டு, இழுப்பவர்களின் மூச்சுக் கணக்குக்கு அமைந்தது. இன்று உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுக்கிறது. வின்ச்சுக்குப் பாட்டு வேண்டாம். வெட்டு மெஷின் வந்த பிறகு நெற்சூடு மிதிப்பு இல்லை, களத்தில் பொலிப் பாட்டும் இல்லை. உடம்பு நோவு குறைந்தது நல்லதே. அந்த வேலைக்குத் திரும்பிப் போகும்படி யாரையும் நான் கேட்கமாட்டேன். பாடும் கூட்டமும் கலைந்தது: சுனாமிக்குப் பிறகு வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. கரையோரக் குடும்பங்கள் பலவும் உள்ளே நகர்ந்தன. ஒரே ஒழுங்கையில் இருந்து ஒன்றாகப் பாடியவர்கள் வெவ்வேறு வீட்டுத் திட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தர்கா, கொடி, றாதீபு, பாட்டு, இவை மார்க்கத்தில் கூடுமா என்ற வாதம் எங்கள் ஊர்களில் பல வருடமாக நடக்கிறது. ஒரே வீட்டில் வாப்பா கந்தூரிக்குப் போவார், மகன் போகமாட்டான். இரு பக்கத்திலும் மனச்சுத்தமாகப் பேசுகிறவர்களை நான் அறிவேன். அந்த வாதத்தை இந்தக் கட்டுரையில் தீர்க்க நான் யார்? ஆனால் பதிவு செய்வது வேறு, பின்பற்றுவது வேறு. கூடாது என்று நினைக்கிற மகனுக்கும் தன் மூத்தாப்பா எப்படி ஓதினார் என்று கேட்க உரிமை உண்டு. கவிக்கும் தாலாட்டுக்கும் நெல் குத்தும் பாட்டுக்கும் இந்த வாதமே எழவில்லை, அவற்றையும் நாங்கள் விட்டுவிட்டோம்.

வேலையைத் தொடங்குவதற்கு இடம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊர் ஊராய் ஆட்களைத் தெரிந்த மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். இன்றைய கைத்தொலைபேசியோடு ஒரு நல்ல ஒலிவாங்கியைச் சேர்த்தால் அன்றைய வானொலி நிலையத்தின் கருவிக்குக் குறையாத பதிவு கிடைக்கும். யாரிடம் முதலில் போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: எழுபது வயது தாண்டிய பெண்களிடம். கவியும் தாலாட்டும் அவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது, பாட்டுக்காரர் என்று அவர்களை யாரும் மேடைக்கு அழைத்ததும் இல்லை. பின்னணிக்கு கீபோர்ட் வேண்டாம். பெயர், ஊர், யாரிடம் கேட்டுப் படித்தது என்ற விவரம், இத்தனையும் அவர்களுடைய வாயாலேயே பதிவாகட்டும். பதிவுக்காரர் அவர்கள் சம்மதம் கேட்டு, வரும் பணத்தில் அவர்கள் பங்கையும் எழுத்தில் வைக்கட்டும். பிறகு கொடிக்கால பைத்து, சஹர் பாட்டு, பொல்லடி. கடைசியாக, அம்பாப் பாட்டு தெரிந்த நாலு மீனவர்களைக் கூட்டி, வின்ச்சை ஒரு காலைக்கு நிறுத்தி, அவர்கள் கையாலேயே ஒரு வலையை இழுக்கச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். மீன் எவ்வளவு பட்டாலும் அன்றைய கூலியைப் பதிவுக்காரர் கொடுத்துவிடவேண்டும்.

வீட்டு அலுமாரியில் பழைய கசட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எண்பதுகளில் கல்யாண வீட்டிலும் கந்தூரியிலும் டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு திரிந்த இளைஞர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். அந்தக் கசட்டுகள் பலவற்றில் பிறகு சினிமாப் பாட்டு ஏறிவிட்டது. சிலவற்றில் இன்னும் பழைய குரலே இருக்கலாம். பூஞ்சணம் பிடித்திருந்தாலும் எறியாதீர்கள். கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டுப் பழைய ரெக்கோடரில் போடவும் வேண்டாம், நாடா அறுந்துவிடலாம். யாருடைய வீட்டில், எந்த வருடம் பதிந்தது என்று ஒரு துண்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். டிஜிட்டலாக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கும்போது, பாடியது யார் என்று உங்கள் உம்மாவிடமோ மாமியிடமோ கேட்டு அதையும் எழுதிக் கொடுங்கள்.