படம் பெரிது, எழுத்துச் சிறிது!

ஆய்வின் முடிவைப் பத்துப் பக்கம் எழுதியும் விளக்கலாம். ஒரே வரைபடத்தில் நொடிப்பொழுதில் காட்டியும் விடலாம். ஆனால், படத்திலுள்ள எழுத்தும் எண்ணும் கண்ணுக்குத் தெரியாதபடி சிறுத்துப்போனால் என்ன பயன்? தேர்வாளர் சற்றே உற்று நோக்குவார். பின்பு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஊரைவிட்டுத் திருவனந்தபுரம் வந்து ஆண்டுக்கணக்கில் உழைத்த உழைப்பு அங்கே எவர் கண்ணிலும் படாமற் போகும்.

நம்மில் அறிவியல் பயில்வோர் பலர் வரைபடம் தீட்டக் கையாள்வது பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் தொகுப்பு. மூளையின் மின்னலைகளை ஆராய்ந்துவந்த ஜான் ஹண்டர் என்னும் நரம்பியல் அறிஞர் 2003இல் இதனை வெளியிட்டார். 2012இல் அவர் மறைந்த பின்னும் தொண்டர் பலர் இதனை வளர்த்து வருகின்றனர். இத்துணை நல்ல கருவியிலும் படத்தின் அளவு நம்மைத் தொல்லைப்படுத்தக் காரணம் யாது?

மூன்று அளவுகளை ஒன்றெனக் கொள்வதே காரணம். முதலாவது ‘ஃபிக்சைஸ்’, இது படத்தின் நீள அகலம், அங்குலக் கணக்கு. இரண்டாவது ‘டிபிஐ’, ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பது. மூன்றாவது எழுத்தின் அளவு. இது பாயிண்ட் கணக்கு. 72 பாயிண்ட் ஓர் அங்குலம்.

நாம் ஒன்றும் குறிப்பிடாவிடில், 6.4க்கு 4.8 அங்குலம், அங்குலத்துக்கு 100 புள்ளி என்று தொகுப்பே எடுத்துக்கொள்ளும். அதாவது 640க்கு 480 புள்ளிகள். 2017இல் 2.0 பதிப்பு வருமுன் 8க்கு 6 அங்குலம், 80 புள்ளி என்றிருந்தது. பெருக்கிப் பாருங்கள்: அதே 640க்கு 480! புள்ளி ஒன்றே, அங்குலம் வேறு.

இனி நோயையும் மருந்தையும் காண்போம்.

எழுத்துச் சிறுத்தல்: 15 அங்குல அகலத்தில் படம் வரைந்து, ஆய்வேட்டில் 6 அங்குலத்துக்குள் சுருக்கினால், 10 பாயிண்ட் எழுத்து 4 பாயிண்ட் ஆகிவிடும். தொடக்கத்திலேயே 6 அங்குலத்தில் வரைக.

அச்சில் மங்கல்: அங்குலத்தை மாற்றாமல், ‘சேவ்ஃபிக்’ கட்டளையில் ‘டிபிஐ’யை 300 ஆக்குக. 6 அங்குலப் படம் 1800 புள்ளி அகலம் பெறும். வெறும் கோட்டுப் படமாயின் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்தல் இன்னும் நன்று. எவ்வளவு பெருக்கினும் கோடு மங்காது.

ஓரம் வெட்டுப்படுதல்: ‘டைட்’ என்று கொடுத்துச் சேமித்தால் ஓரத்து எழுத்துகள் தப்பிவிடும், ஆனால் படத்தின் அளவு நாம் சொன்னபடி இராது. அளவும் மாறக்கூடாதெனில், படத்தை உருவாக்கும்போதே ‘லேஅவுட்’ என்பதைக் ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ எனக் கொடுக்க.

வடிவம் திரிதல்: நம் நகரில் 1837இல் நிறுவப்பெற்ற வானாய்வகத்திலிருந்து முழுநிலவைச் சதுரப் படமாக எடுத்ததாகக் கொள்வோம். ‘இம்ஷோ’ கட்டளையில் அதனைக் காட்டும்போது இருபுறமும் வெற்றிடம் விழும். அதை நிரப்ப எண்ணி ‘ஆஸ்பெக்ட்’ என்பதை ‘ஆட்டோ’ ஆக்கினால், வட்ட நிலா முட்டை நிலா ஆகிவிடும்! வெற்றிடம் அழகுக் குறை. முட்டை நிலாவோ பொய். படத்தளவை 6க்கு 6 அங்குலம் ஆக்குக. வெற்றிடம் குறையும், நிலவும் வட்டமாகவே நிற்கும்.

நண்பர்களே, துணியை வெட்டுமுன் தையற்காரர் உடலை அளக்கிறார். நாமும் கட்டளை எழுதுமுன் தாளில் படத்துக்குரிய இடத்தை அளவுகோல் கொண்டு அளந்துகொள்வோம். அங்குலம் முதலில், புள்ளி பிறகு. வரைந்தபின் இழுத்து நீட்டும் வேலை மட்டும் வேண்டா.