பழைய பள்ளி வேன்: இருக்கைக்கு அடியில் ஓர் இயற்பியல் பாடம்

படிவம் ஐந்தில் நான் படித்தபோது, எஸ்பிஎம் சோதனைத் தேர்வு நடந்த வாரத்தில் ஒரு நாள் எங்கள் வேன் ஜாசினிலிருந்து மெர்லிமாவ் போகும் சாலையில் நின்றுவிட்டது. அதற்குள் 11 மாணவர்கள் இருந்தோம். முன்னிருக்கையைத் தூக்கியதும் ஆவி புகை மாதிரி கிளம்பியது. எங்களில் ஒருவன் உதவி செய்கிறேன் என்று ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். "தொடாதடா! மூஞ்சி வெந்துடும்!" என்று வேன் அங்கிள் அவன் கையைத் தட்டிவிட்டார். அன்று வேதியியல் தாளுக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். பள்ளியிலும் வீட்டிலும் பழி முழுவதும் அங்கிள் மீதுதான் விழுந்தது.

மலாக்காவில் புக்கிட் லிந்தாங், புக்கிட் அசஹான் போன்ற தோட்டப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் இல்லையென்றால் பள்ளியே தூரமாகிவிடும். பெற்றோர் இருவரும் விடியுமுன்னே வேலைக்குப் போகும் வீடுகளில் வேறு வழி கிடையாது. இந்த வேலையில் பல்லாண்டுகளாக உழைக்கும் வண்டிகளில் ஒன்று, பலருக்கும் தெரிந்த நிசான் வேனெட் சி22. 1980களின் நடுவில் ஜப்பானில் அறிமுகமான மாடல். அங்கே புதிய மாடல்கள் வந்துவிட்ட பிறகும் இங்கே 2000களிலும் விற்பனையானது. எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கும், பின்சக்கரம் இழுக்கும், கார்புரேட்டர் பெட்ரோல் ஊட்டும். கணினி எதுவும் இல்லாததால் சாதாரணப் பட்டறையிலேயே பழுது பார்த்துவிடலாம். இருபது, முப்பது வயதான சிறு வேன் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், கோளாறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும்.

முதலில் சூடேறுவதைப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பம் ஒரு டிகிரி உயர 4,200 ஜூல் வேண்டும் என்று படிவம் நான்கில் படித்திருப்பீர்கள். எஞ்சினைக் குளிர்விக்க நீரை விட மலிவான, நல்ல பொருள் கிடைக்காததற்கு அதுவே காரணம். ஆனால் நீர் 100 டிகிரியில் கொதித்துவிடுமே? அதைத் தடுக்கத்தான் அந்தச் சிறிய மூடி. அதிலுள்ள ஸ்பிரிங் உள்ளழுத்தத்தைக் காற்றழுத்தத்தை விட ஏறக்குறைய 0.9 பார் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. அப்போது நீரின் கொதிநிலை 118 டிகிரி அளவுக்கு ஏறும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. நீர் சீக்கிரமே கொதித்து ஆவியாக வெளியேறும். ஓட்டுநர் தினமும் நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார், குறையும் தினமும் தொடரும்.

சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதே கணக்குத்தான். 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணமே அழுத்தம் இழந்து பொங்கி எழும். எஞ்சினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும்.

குழாய்த் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் உள்ளே துரு பிடித்து ரேடியேட்டரின் நுண்குழாய்கள் அடைபடும். கூலண்ட் என்னும் பச்சை அல்லது சிவப்பு நீர்மம் வெறும் நிறத்துக்காக அல்ல, துருவைத் தடுக்கவும்தான். இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வண்டி சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடும் பட்டறைகள் உண்டு. எங்கள் வேனுக்கும் ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்திருந்தார்கள். சரியான வெப்பம் வரும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் அந்த உறுப்பின் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் மெதுவாகச் சூடாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உண்மையான கோளாறு மறைந்தே கிடக்கும். இது வைத்தியம் ஆகாது, காய்ச்சல்காரர் வீட்டில் தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது.

கவனிக்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் கீழே வார்ப்பிரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட். அலுமினியம் சூட்டில் இரும்பை விட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதிகம் சூடேறினால் ஹெட் வளைந்து, இடையிலுள்ள கேஸ்கெட் கிழியும். எண்ணெய்க் குச்சியை இழுத்தால் தே தாரே நிறத்தில் எண்ணெய் வரும், பின்னால் வெள்ளைப் புகை விடாமல் போகும். சில ரிங்கிட் மூடியில் தொடங்கியது எஞ்சினையே பிரிக்கும் செலவில் வந்து நிற்கும்.

பிரேக்குக்கு வருவோம். படிவம் ஐந்தில் வரும் பாஸ்கல் தத்துவம் இங்கே வேலை செய்கிறது. கால் அழுத்தம் எண்ணெய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் பம்பின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். பின் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் அங்கே எண்ணெய் கசிகிறது. இவற்றில் எதைப் பார்த்தாலும் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டுதான். ஆனால் பிரேக் குழாய் வெடிக்க ஆறு மாதம் காத்திருக்காது.

எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருக்கும் வண்டியில் புகைக்குழாய் ஓட்டை வெறும் சத்தத்தோடு முடிவதில்லை. தரைத்தகடு துருப்பிடித்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. காலையில் வேனில் எல்லாருக்கும் தலை வலித்தால் 'தூக்கம் போதவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டு அங்கிளிடம் சொல்லுங்கள்.

மழை பெய்த மறுநாள் காலையில் கிளம்ப மறுக்கும் பழைய வண்டிக்கு, பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம்தான் காரணம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இழுவைக் கதவின் ரோலர் தேய்ந்து ஓடும்போது கதவு ஆடினால், அந்தப் பக்கம் சிறு பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாகத் தெரிந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும்.

வெட்டுக் கடைகளில் பழைய உதிரிப்பாகம் வாங்குவதில் தவறில்லை. கதவு, விளக்கு, கண்ணாடி எல்லாம் வாங்கலாம். ஆனால் பிரேக்கில் ரப்பர் உள்ள எதையும் பழையதாக வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த வேலை பிடித்தவர்களுக்கு வழி தொலைவில் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை போகும், அதற்கு மேல் டிப்ளோமா நிலைகளும் உண்டு. மெர்லிமாவ் பாலிடெக்னிக்கிலும் டுரியான் துங்காலில் உள்ள மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இயந்திரவியல் பொறியியல் படிக்கலாம்.

பல ஆண்டுகள் கழித்து வேன் அங்கிளைப் பார்க்கப் போனேன். வண்டிக் கணக்கு எழுதும் பழைய 555 புத்தகங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். தேர்வு நடந்த அந்த வாரத்தைத் தேடி எடுத்தோம். "மூடி மாத்தணும்" என்று ஒரு வரி. மூன்று வாரம் முன்னாலும் அதே வரி இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் அந்த மாதம் வேன் காசு கொடுக்காத வீடுகளின் பட்டியல். மூன்றாவதாக என் அப்பாவின் பெயர் இருந்தது.