சுவரும் ஒரு முதலீடுதான்

கடையைத் திருத்தும்போது எமது வர்த்தகர்கள் தரைக்கு டைல்ஸ், மேலே சீலிங், வாசலுக்குக் கண்ணாடி எனத் தாராளமாகச் செலவழிக்கின்றனர். சுவர் என்று வந்ததும் எங்கும் கிடைக்கும் அச்சுப் படமொன்றை மாட்டிவிட்டுத் திருப்தியடைகின்றனர். பக்கத்துக் கடையிலும் அதே படம்தான் தொங்குகிறது.

ஹோட்டல், வங்கி, காரியாலயம், பொது மண்டபம் ஆகியவற்றின் உட்புறத்துக்கென்றே கலை வேலைகளைச் செய்து கொடுப்பது தனியான ஒரு தொழில். எமது நாட்டில் அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஈனா டி சில்வா. 1960களில் தனது மகனுடனும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவுடனும் சேர்ந்து கொழும்பில் பத்திக் வேலையை ஆரம்பித்தார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரையை அலங்கரித்தது இவர்களது பத்திக் துணியே. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் அந்த ஹோட்டல் புதுப்பிக்கப்பட்டபோது, அதே கூரையை மீண்டும் பத்திக்கிலேயே செய்வித்தார்கள். 1982இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றத்தின் சபா மண்டபத்தில் தொங்கும் பெரிய விளக்கு லக்கி சேனாநாயக்கவின் வடிவமைப்பு.

இதில் வியாபாரிக்கு என்ன பாடம்? ரெடிமேட் சட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கும். முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். சுவரின் உயரம், வெளிச்சம் வரும் திசை, வாடிக்கையாளர் நிற்கும் இடம் எல்லாவற்றையும் கணக்கிட்ட பிறகே வேலை தொடங்கும். பத்திக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகிட்டு, சாயம் தோய்த்து, உலர்த்த வேண்டும். எனவே திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஓடர் கொடுத்துப் பயனில்லை.

உருவங்கள் வேண்டாம் என்று தயங்குவோர் கொழும்பு புறக்கோட்டைக்குச் சென்று பார்க்கட்டும். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலில் உருவம் எதுவும் இல்லை. சிவப்பும் வெள்ளையுமான வரிகளே அதற்கு அடையாளம். அரபு எழுத்தணி, கோலங்கள், கொடி, இலை என்று எமக்கும் நிறைய வழிகள் உண்டு.

முக்கியமான விடயம் ஒன்று. சிலர் கலைஞரிடம் மாதிரி வரைந்து வாங்குகின்றனர். பிறகு விலை கூடியது என்று கூறிவிட்டு, அதே மாதிரியை அச்சகத்தில் கொடுத்துக் குறைந்த செலவில் அடித்துக்கொள்கின்றனர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இத்தகைய ஆக்கங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, இது அடுத்தவரின் ஹக்கைப் பறிக்கும் செயல். எமது சரக்கின் லேபலை இன்னொருவர் கொப்பியடித்தால் நாம் சும்மா இருப்போமா?

ஈனா டி சில்வா பின்னாளில் மாத்தளை அளுவிகாரையில் அமைத்த வேலைத்தலம் கிராமத்துப் பெண்கள் பலருக்குத் தொழில் கொடுத்தது. அவர் 2015இல் காலமானார். இப்படிப்பட்ட வேலைத்தலங்கள் பாராட்டுரைகளால் நிலைப்பதில்லை, ஓடர்களால்தான் நிலைக்கின்றன. அடுத்த முறை கடை திருத்தும்போது மாதிரிக்கு ஒரு கட்டணம், வேலைக்கு முற்பணம், முடிந்ததும் தாமதமின்றி மீதி என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கு அழகும் வரும், கொடுக்கல் வாங்கலில் பரக்கத்தும் வரும், இன்ஷா அல்லாஹ்.