முதலிடத்தில் இருக்கும்போதே நட்சத்திர க்ளோசரை விற்கலாமா? மில்வாக்கி எடுத்த முடிவும் கொடுத்த விலையும்

2022 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணி 57 வெற்றி, 45 தோல்வியுடன் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. இரண்டாவது இடத்தில் இருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 3 ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. அன்றைக்குத்தான் ப்ரூவர்ஸ் தன் நட்சத்திர க்ளோசர் ஜாஷ் ஹேடரை சான் டியாகோ பாட்ரெஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது.

ரசிகர்களுக்கு ஒண்ணுமே புரியவில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் அணி வீரர்களை விற்பது வழக்கம். ஜெயிச்சுக்கிட்டு இருக்கிற அணி, அதுவும் சீசனின் நடுவில், எதுக்கு இப்படிச் செய்யணும்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையா இது? அல்லது கணக்குப் போட்டு எடுத்த முடிவா?

முதலில், க்ளோசர் என்பவர் யார்?

கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களுக்கென்றே ஒரு பவுலரை வைத்திருப்போம் இல்லையா? கிட்டத்தட்ட அதே வேலைதான். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். தன் அணி சின்ன வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது, 9-வது இன்னிங்ஸில் வந்து பந்து வீசி ஆட்டத்தை முடித்துக்கொடுப்பவர்தான் க்ளோசர். அப்படிக் காப்பாற்றிக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' சேரும்.

ஹேடர் இதில் கில்லாடி. 2021-ல் அவருடைய ஈ.ஆர்.ஏ. வெறும் 1.23. அதாவது 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்த ரன் ஒன்றேகால்கூட இல்லை. 2022-லும் விற்கப்படும் நாள்வரை 29 சேவ் எடுத்திருந்தார்.

அப்புறம் ஏன் விற்றார்கள்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, வேலையின் அளவு. ஒரு சீசனில் ஓர் அணி ஆடுவது 162 ஆட்டங்கள், ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ். க்ளோசர் வீசுவது அதில் 60 முதல் 70 இன்னிங்ஸ்தான். 5 சதவீதத்துக்கும் குறைவு. அந்த 5 சதவீதம் ஆட்டத்தின் மிக நெருக்கடியான நேரம் என்பது உண்மை. ஆனாலும் தினமும் களமிறங்கும் ஒரு நல்ல பேட்டரோ, 150 இன்னிங்ஸுக்கு மேல் வீசும் ஒரு ஸ்டார்ட்டரோ கிடைத்தால் அது லாபம் என்பது நிர்வாகிகளின் கணக்கு.

இரண்டு, நிச்சயமின்மை. குறைந்த இன்னிங்ஸ் வீசுபவரின் எண்களை ஒரே ஒரு மோசமான நாள் தலைகீழாக்கிவிடும். அந்த ஜூலை 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் மைக் யஸ்ட்ரெம்ஸ்கி, ஹேடரின் பந்தை கிராண்ட் ஸ்லாம் அடித்து ஆட்டத்தையே முடித்தார். ட்ரேட் நடந்தபோது ஹேடரின் ஈ.ஆர்.ஏ. 4.24-க்கு ஏறியிருந்தது.

மூன்று, பணமும் காலமும். மில்வாக்கி சின்ன நகரம். லீக்கின் மிகச் சிறிய சந்தைகளில் ஒன்று. ஹேடரின் 2022 சம்பளம் 1.1 கோடி டாலர். 2023 சீசன் முடிந்தால் அவர் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். அப்போது அவரைத் தக்கவைக்கும் அளவுக்குப் பணம் இல்லை. கடைசிவரை வைத்திருந்தால் பதிலுக்குக் கிடைப்பது சொற்பம். இப்போதே விற்றால், வாங்கும் அணிக்கு ஒன்றரை சீசன் அவர் சேவை கிடைக்கும். அதனால் விலையும் கூடும்.

பதிலுக்கு வந்தவர்கள் நான்கு பேர்: டெய்லர் ராஜர்ஸ் என்ற இன்னொரு க்ளோசர், டினெல்சன் லமெட் என்ற பிட்சர், எஸ்டியூரி ரூயிஸ், ராபர்ட் காஸர் என்ற இரண்டு இளம் வீரர்கள். 9-வது இன்னிங்ஸைப் பார்த்துக்கொள்ள ப்ரூவர்ஸிடம் ஏற்கெனவே டெவின் வில்லியம்ஸ் இருந்தார். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் கச்சிதம்.

காகிதத்தில் சரி. களத்தில்?

ட்ரேட் முடிந்த கையோடு, பட்டியலில் பின்தங்கியிருந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸிடம் தொடர்ந்து 3 ஆட்டங்களில் தோல்வி. வந்த லமெட்டை சில நாளிலேயே அணியிலிருந்து நீக்கினார்கள். ராஜர்ஸ் எதிர்பார்த்த அளவுக்குச் சோபிக்கவில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் இருந்த அதிருப்தி வெளியே தெரிந்தது. 'நாங்க கோப்பைக்காக ஆடுறோம், மேலே இருக்கிறவங்க வேற கணக்கு போடுறாங்களா?' என்ற கேள்வி வீரர்களுக்கு வந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. அணியின் மனநிலையில் இந்த ட்ரேட் ஏற்படுத்திய தாக்கத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக, முடிவை எடுத்த டேவிட் ஸ்டேர்ன்ஸே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ட்ரேடுக்குப் பிறகு ஆடிய 60 ஆட்டங்களில் 29 வெற்றி, 31 தோல்வி. மொத்தம் 86 வெற்றி. பிளேஆஃபின் கடைசி இடத்தைப் பிடித்த ஃபிலடெல்பியா ஃபிலீஸுக்கு 87. ஒரே ஓர் ஆட்டத்தில் வாய்ப்பு போனது!

இதோடு கதை முடியவில்லை. கடைசி இடத்தில் நுழைந்த அதே ஃபிலீஸ் வேர்ல்டு சீரிஸ் வரை போனது. வழியில் அது வீழ்த்தியது யாரைத் தெரியுமா? ஹேடர் இருந்த பாட்ரெஸை. தீர்மானகரமான அந்த ஆட்டத்தில், 8-வது இன்னிங்ஸில் பிரைஸ் ஹார்ப்பர் ஹோம் ரன் அடித்தபோது பந்து வீசியவர் ராபர்ட் சுவாரெஸ். ஹேடர் களமிறக்கப்படவே இல்லை. 9-வது இன்னிங்ஸுக்காகக் காத்திருந்த க்ளோசருக்குக் காக்க முன்னிலையே மிஞ்சவில்லை.

அப்போ, விற்றது தப்பா?

அவசரப்பட வேண்டாம். பாட்ரெஸில் சேர்ந்த ஹேடரின் ஈ.ஆர்.ஏ. அந்த சீசனின் மீதி நாள்களில் 7.31. சில காலம் க்ளோசர் பொறுப்பே அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. பிளேஆஃபில்தான் பழைய ஃபார்முக்குத் திரும்பினார். மில்வாக்கியிலேயே இருந்திருந்தாலும் அவர் அந்த ஓர் ஆட்டத்தை வென்று கொடுத்திருப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

நீண்ட காலக் கணக்கில் பார்த்தால் படம் வேறு. 2022 டிசம்பரில், ஹேடருக்குப் பதிலாக வந்த ரூயிஸை ப்ரூவர்ஸ் ஒரு மூன்று அணி ட்ரேடில் கொடுத்து, கேட்சர் வில்லியம் கன்ட்ரேராஸையும் பிட்சர் ஜோயல் பயாம்ப்ஸையும் வாங்கியது. கன்ட்ரேராஸ் 2023, 2024 என இரண்டு ஆண்டும் தன் இடத்தின் சிறந்த பேட்டருக்கான சில்வர் ஸ்லக்கர் விருதை வென்றார். வில்லியம்ஸ் 2023-ல் 36 சேவ் எடுத்தார். அணி அந்த இரண்டு ஆண்டும் பிரிவில் முதலிடம். ஹேடரோ 2024 ஜனவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுடன் 5 ஆண்டுக்கு 9.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். மில்வாக்கியால் எட்டிப்பார்க்க முடியாத தொகை.

வாங்குபவர் பக்கமும் ஒரு கதை உண்டு

2016-ல் சிகாகோ கப்ஸ், நியூயார்க் யாங்கீஸிடமிருந்து க்ளோசர் அரோல்டிஸ் சாப்மேனை வாங்கியது. கொடுத்தவர்களில் ஒருவர் கிளேபர் டோரஸ். பின்னாளில் ஆல்-ஸ்டார் ஆனவர். அந்த ஆண்டு கப்ஸ் 108 வருடக் காத்திருப்பை முடித்துக் கோப்பையை வென்றது. குளிர்காலத்தில் யாங்கீஸ் அதே சாப்மேனை 5 ஆண்டு ஒப்பந்தத்தில் திரும்பவும் எடுத்துக்கொண்டது! இரு தரப்புக்கும் லாபம். ஆனால் அப்போது யாங்கீஸ் பிரிவில் முன்னணியில் இல்லை. அதனால் விற்பதில் சங்கடமும் இல்லை.

அப்படியென்றால் எப்போது விற்கலாம்?

இந்தக் கேள்விக்கு மில்வாக்கியே பின்னால் ஒரு பதில் சொன்னது. 2024 பிளேஆஃபின் கடைசி ஆட்டத்தில், 9-வது இன்னிங்ஸில் வில்லியம்ஸின் பந்தில் பீட் அலான்சோ அடித்த 3 ரன் ஹோம் ரன் அணியை வெளியேற்றியது. வில்லியம்ஸின் ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்தது ஓராண்டு. ஹேடர் கதையேதான். ஆனால் இந்த முறை சீசன் முடிந்த பிறகு, டிசம்பரில் அவரை யாங்கீஸுக்குக் கொடுத்தார்கள். வில்லியம்ஸ் காயத்தால் விலகியிருந்தபோது 2024-ல் 21 சேவ் எடுத்திருந்த ட்ரெவர் மெகில் தயாராக இருந்தார். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவரான கேலப் டர்பின் மூன்றாவது பேஸில் நிலைத்து, அறிமுக வீரர் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பிடித்தார். 2025-ல் ப்ரூவர்ஸ் 97 வெற்றியுடன் லீக்கிலேயே முதலிடம்.

இரண்டு முறையும் விற்றது க்ளோசரைத்தான். இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான். மாறியது நேரம் மட்டும். குளிர்காலத்தில் விற்றால், புதிதாக வருபவர்கள் பயிற்சி முகாமிலிருந்தே ஒன்றாகத் தொடங்குகிறார்கள்; யார் எந்த வேலை என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது. ஆகஸ்டில் விற்றால், தோளோடு தோள் நின்றவன் நேற்று இருந்தான், இன்று இல்லை. அதிலும் வந்தவர்கள் உடனே கைகொடுக்காவிட்டால் காயம் ஆழமாகிறது.

ஆகவே, பதில் இதுதான்: மாற்று ஆள் தயாராக இருந்தால், ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தால், க்ளோசரை விற்பது தவறில்லை. ஆனால் முதலிடத்தில் இருக்கும் அணி அதை சீசன் நடுவில் செய்தால், இந்த ஆண்டே களத்தில் பலன் தரும் வீரரை வாங்கியாக வேண்டும். கூடவே, மிச்சமிருக்கும் வீரர்களிடம் ஏன் என்று உட்கார்ந்து பேசியாக வேண்டும். 2022-ல் இந்த இரண்டும் தவறியது. அந்த அணிக்குக் குறைந்தது ஒரே ஒரு வெற்றிதான்.