சலங்கைக்கு ஒரு பட்டம்: புனே கண்ட வழி

“பத்து வருஷமா டான்ஸ் கிளாஸுக்குப் போறியே, அதுக்கு மேல காலேஜ்ல என்ன சொல்லிக்கொடுப்பாங்க?” நடனத்தில் பி.ஏ. சேர விரும்பும் பெண்ணிடம் வீட்டில் இப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆட்டம் குருவிடமிருந்து வருவது. கரும்பலகையும் வருகைப்பதிவேடும் அதற்கு என்ன செய்யும்? இதற்கு நம் நாட்டில் பல ஊர்கள் பலவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கின்றன. புனே சொன்ன பதில் கொஞ்சம் கவனிக்கத் தக்கது.

அங்குள்ள சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தில் 1987-இல் லலித் கலா கேந்திரம் தொடங்கப்பட்டது. இசை, நடனம், நாடகம் மூன்றும் ஒரே துறையின் கீழ் வருகின்றன. நடனத்தில் கதக், பரதநாட்டியம் இரண்டுக்கும் இளங்கலை, முதுகலைப் படிப்புகள் உண்டு. துறையின் பெயரோடு ‘குருகுலம்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அது வெறும் அலங்காரம் இல்லை. நகரத்தில் ஏற்கெனவே பெயர்பெற்ற குருமார்களிடம் ஆட்டத்தை விட்டுவிடுவது, வரலாறு, சாஸ்திரம், தேர்வு ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்வது என்பதே ஏற்பாட்டின் அடிப்படை. கேந்திரத்தை 1996 முதல் 2009 வரை நடத்தியவர் ‘மகாநிர்வாண்’ எழுதிய மராத்தி நாடகாசிரியர் சதீஷ் ஆலேகர். அதற்கு முன் அவர் புனேயின் பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் துறையில் வேலை பார்த்தவர். கலையும் பல்கலைக்கழகமும் ஒத்துப்போகாது என்பவர்களுக்கு இவரே ஒரு பதில்.

இந்த ஏற்பாடு சாத்தியமானதற்குக் காரணம், புனேயில் குருமார் இருந்தார்கள் என்பதுதான். ரோகிணி பாட்டே (1924–2008) 1946-இல் ஃபெர்குசன் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டே ‘நிருத்யபாரதி’ என்ற கதக் பள்ளியைத் தொடங்கினார். நடுத்தர வர்க்க மராத்திக் குடும்பங்கள் மகளுக்குச் சலங்கை கட்டத் தயங்கிய காலம் அது. லச்சு மகாராஜிடமும் மோகன்ராவ் கல்யாண்பூர்கரிடமும் கற்ற அவர், ஆடியதோடு நிற்கவில்லை. நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் தன்வரலாற்றை மராத்தியில் தந்தார். கைராகர் இசைப் பல்கலைக்கழகத்தின் கதக் பாடத்திட்டத்தை வகுப்பதில் பங்கெடுத்தார். லலித் கலா கேந்திரத்திலும் கற்பித்தார். ஆடவும் எழுதவும் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால்தான் அங்கே நடனத்துக்குப் பாடத்திட்டம் என்று ஒன்று பிறக்கும். கட்டடம் அப்புறம்.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கிறது? கதக் படிப்பவர் ஆடுவதற்கு முன் ‘போல்’ எனப்படும் சொற்கட்டுகளை வாயால் சொல்லியாக வேண்டும். ‘படந்த்’ எனப்படும் இந்தப் பயிற்சியில் ஹார்மோனியத்திலோ சாரங்கியிலோ ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஓடும். கை தாளம் போடும். வாய் போல் சொல்லும். கடைசி எழுத்து தாளவட்டத்தின் முதல் மாத்திரையான ‘சம்’மில் வந்து விழ வேண்டும். ஒரு மாத்திரை பிசகினாலும் அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பரதம் படிப்பவருக்கு இதே சோதனை நட்டுவாங்கத்தில் வரும்: தட்டுக்கழியைக் கையில் பிடித்து, இன்னொருவர் ஆட ஜதி சொல்வது. வாரம் இரண்டு நாள் போகும் டான்ஸ் கிளாஸில் இதற்கெல்லாம் நேரம் கிடைப்பது அரிது. இதோடு நாட்டிய சாஸ்திரம், அபிநய தர்ப்பணம் முதலியவற்றைப் படிக்க வேண்டும். கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதைத் தடைசெய்த 1934-இன் பம்பாய் தேவதாசிச் சட்டம், 1947-இன் சென்னைச் சட்டம் இரண்டையும் தாண்டி இந்த ஆட்டம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறும் தெரிய வேண்டும். மேடையில் அதைக் கேட்க மாட்டார்கள். அதற்காக அது தெரியாமல் ஆடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்களில் ஷாஜியும் (ஆட்சி 1684–1712) இரண்டாம் சரபோஜியும் (1798–1832) நடனத்துக்கு மராத்தியில் சாகித்தியம் தந்தவர்கள். சரபோஜியின் ‘நிரூபணங்கள்’ ஒரே ராகம், ஒரே தாளத்தில் 18 உருப்படிகளைக் கோத்து ஒரு கதையைச் சொல்பவை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் பரதத்தின் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தியதும் அதே அரசவைக் காலத்தில்தான். பம்பாயில் குரு பார்வதிகுமார் இந்த நிரூபணங்களைத் தோண்டியெடுத்து ஆடத்தக்க வடிவில் அமைத்தார். அவரிடம் கற்ற புனேயின் சுசேதா பிடே சாபேகர், அந்தச் சகோதரர்களின் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடமும் பயின்றார், இந்துஸ்தானி இசையில் பரதம் ஆடும் ‘நிருத்யகங்கா’வை உருவாக்கினார், 1988-இல் ‘கலாவர்த்தினி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தஞ்சாவூரில் எழுதப்பட்ட மராத்திப் பதத்தைப் புனே மாணவி தாய்மொழியில் புரிந்துகொண்டு ஆடுகிறாள். நம் ஊர் மாணவிக்கோ தமிழும் தெலுங்கும் கைவசம் இருக்கும், மராத்தி இருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை இது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பார்வதிகுமாரின் ஆய்வு எந்தப் பல்கலைக்கழகத் துறையின் திட்டத்திலும் பிறந்ததல்ல. தனியாட்கள் தேடிச் சேர்த்ததைப் பின்னால் பல்கலைக்கழகம் பாடமாக்கிக்கொண்டது.

உலகத்திலும் நடனத்துக்குப் பட்டம் என்பது பழைய சங்கதி இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் எச்’டப்ளர் 1926-இல்தான் நடனத்தைப் பட்டப்படிப்பாக்கினார். உயிரியல் படித்த, கூடைப்பந்து பயிற்சியாளராக இருந்த பெண்மணி அவர். நம் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 1962-இல் அந்நாட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போனார்.

சரி, படித்து முடித்தால் வேலை? விரிவுரையாளராக விரும்புவோர் ‘நெட்’ தேர்வு எழுதலாம். அதில் நடனமும் நாடகமும் ஒரே தாள். ஆகவே அரங்கக் கலையும் படித்திருக்க வேண்டும். தனியாகப் பள்ளி வைக்க மட்டும் நினைப்பவருக்குப் பட்டம் கட்டாயமில்லை. மகாராஷ்டிரத்தில் பலர் கந்தர்வ மகாவித்யாலய மண்டலத்தின் ‘விஷாரத்’ தேர்வை வேறு படிப்போடு சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தேர்வு வைக்கும் அமைப்பு. தினமும் உட்காரவைத்துக் கற்பிப்பது அவரவர் குருவின் வேலை.

தமிழ்நாட்டில் இருப்பவர் புனேவரை போக வேண்டுமென்பதில்லை. கலாக்ஷேத்ரா, திருச்சி கலைக்காவிரி, 2013-இல் தொடங்கிய இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் என்று வழிகள் உண்டு. யாழ்ப்பாணத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் எனப்பட்ட பல்கலைக்கழகப் பீடமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் நிறுவகமும் இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் அடவுகளை ஒரு குருவிடம் திடமாகக் கற்றுக்கொண்டு போங்கள். மூன்று வருடத்தில் அடிப்படையிலிருந்து ஆட்டத்தை யாராலும் கட்ட முடியாது. விண்ணப்பம் போடுமுன் மூன்று விஷயங்களை நேரில் விசாரியுங்கள்: ஆட்டம் கற்பிப்பவர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் செய்முறை, வகுப்பில் மிருதங்கமோ தபலாவோ வாசிக்க ஆள் உண்டா அல்லது ஒலிப்பதிவுதானா. மூன்றாவதற்கு ‘ஒலிப்பதிவு’ என்று பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.